மரத்தால் கட்டும் குழந்தைகள் காப்பகம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கன்னியாகுமரி மாவட்டத்தில் கட்டட வடிவமைப்பு வேலை பார்க்கிறேன். ஒரு வயதிலிருந்து ஐந்து வயது வரையுள்ள பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் காப்பகத்தை மரத்தில் கட்டலாம் என்று சொன்னால் போதும், எல்லோரிடமிருந்தும் ஏறக்குறைய ஒரே சந்தேகங்கள் வருகின்றன. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைக் கீழே தந்திருக்கிறேன். நான் மனத்தில் வைத்திருப்பது முப்பது பிள்ளைகள் வரை இருக்கும் ஒற்றைத் தளக் கட்டடம், நம் ஊர் வெயில், நம் ஊர் மழை.

"மரத்துல கட்டுனா எத்தனை வருஷம் சார் தாங்கும்?"

தக்கலைக்குப் பக்கத்தில் பத்மநாபபுரம் அரண்மனை இருக்கிறது. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்ட ஆரம்பித்தது, பெரும்பகுதி மரம். இரண்டு பருவமழையும் பெய்கிற மண்ணில் இன்றும் நிற்கிறது. போகிறவர்கள் செதுக்கு வேலையைப் பார்த்துவிட்டு வருவார்கள். நீங்கள் இறவாணத்தைப் பாருங்கள். ஓட்டுக்கூரை சுவரைத் தாண்டி எவ்வளவு தூரம் வெளியே வந்து தாழ்ந்து இறங்குகிறது, சாய்த்து அடித்த சட்டங்களுக்கு நடுவே காற்று எப்படிப் போய் வருகிறது என்று பாருங்கள். ஆயுள் அங்கேதான் இருக்கிறது.

மரம் நனைந்தால் கெடாது. நனைந்தது காயாமல் கிடந்தால்தான் கெடும். ஈரப்பதம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்கும் மரத்தை மக்கவைக்கும் பூஞ்சை தொடாது. தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு தாழ்வாரத் தூணைச் சிமெண்டுத் தரைக்குள் இரண்டு அங்குலம் இறக்கி நிறுத்தினேன். மூன்று மழைக்காலம் கழித்துப் போய்ப் பேனாக்கத்தியால் குத்திப் பார்த்தேன். தரையை ஒட்டிய இடத்தில் கத்தி வாழைத்தண்டில் இறங்குவதுபோல இறங்கியது. ஒரு சாண் மேலே அதே மரம் இரும்பு மாதிரி இருந்தது. அதற்குப் பிறகு எந்தத் தூணையும் கல்பீடத்தின் மேல், அடியில் இரண்டு சென்டிமீட்டர் காற்று இடைவெளி விட்டு, இரும்புத் தாங்கியில்தான் நிறுத்துகிறேன்.

"மரத்தை வெட்டிட்டுப் பசுமைக் கட்டடம்னு சொல்றது என்ன நியாயம்?"

நியாயமான கேள்வி. காட்டு மரத்தை வெட்டினால் பசுமை என்ற பேச்சுக்கே இடமில்லை. நான் சொல்வது வெட்டுவதற்காகவே நட்டு வளர்த்த மரம், வெட்டிய இடத்தில் மறுபடியும் நடுகிற மரம்.

கணக்கைப் பார்ப்போம். ஒரு கன மீட்டர் தேக்கில், அதாவது சுமார் 35 கன அடியில், ஈரம் போக 600 கிலோ எடை என்று வையுங்கள். அதில் பாதி கரி, அதாவது கார்பன், 300 கிலோ. அந்தக் கரியை மரம் காற்றிலிருந்த கரியமில வாயுவிலிருந்து எடுத்தது. ஒரு கிலோ கரிக்கு 3.67 கிலோ வாயு என்பதால் மொத்தம் ஒரு டன்னுக்கு மேல் வருகிறது. காப்பகத்துக்குப் பத்து கன மீட்டர் மரம் போனால் பத்து டன்னுக்குமேல் கரியமில வாயு அந்தச் சுவரிலும் கூரையிலும் அடைபட்டு இருக்கும். ஆனால் மரம் மக்கினாலோ எரிந்தாலோ அது திரும்பக் காற்றுக்குப் போய்விடும். அதனால்தான் முதல் கேள்வியின் பதில் இவ்வளவு முக்கியமாகிறது. பத்து வருஷத்தில் உளுத்துப்போகும் மரக் கட்டடத்தால் பூமிக்கு ஒரு நன்மையும் இல்லை.

"அப்போ தேக்குதானே போடணும்?"

எல்லா இடத்துக்கும் வேண்டாம். தேக்கு என்ற பெயரை மட்டும் நம்பி வாங்கவும் கூடாது. தோட்டத்தில் பதினைந்து, இருபது வருஷம் வளர்ந்த தேக்கில் நடுவில் வைரம் எனும் கெட்டிப் பகுதி கொஞ்சமாகவும் சுற்றிலும் வெள்ளை எனும் மென்பகுதி அதிகமாகவும் இருக்கும். வெள்ளையை வண்டும் கரையானும் விடாது. கட்டையின் வெட்டுமுகத்தைப் பார்த்துத்தான் விலை பேச வேண்டும். பர்மா தேக்குதான் வேண்டும் என்று சிலர் பிடிவாதம் பிடிப்பார்கள். மியான்மர் 2014 ஏப்ரலிலேயே உருட்டுக் கட்டை ஏற்றுமதியை நிறுத்திவிட்டது. எந்தக் காட்டிலிருந்து வந்தது என்று தெரியாத மரத்தைக் குழந்தைகள் கட்டடத்துக்கு நான் சிபாரிசு செய்வதில்லை.

என் வழக்கம் இது. தூணுக்கும் உத்திரத்துக்கும் வைரம் பாய்ந்த தேக்கு அல்லது பலா. எங்கள் பக்கத்துப் பழைய வீடுகளில் பலாவை நிறையப் பார்க்கலாம். அறுத்த புதிதில் மஞ்சளாக இருந்து, வருஷம் போகப் போகத் தேன் நிறத்துக்கு வரும். உள்சுவர்ப் பலகைக்கும் அலமாரிக்கும் ரப்பர் மரம். பால் வற்றிய ரப்பர் மரத்தை இருபத்தைந்து, முப்பது வருஷத்தில் எப்படியும் வெட்டி மறுநடவு செய்வார்கள், மரம் உள்ளூரிலேயே கிடைக்கும். ஆனால் வெட்டிய சில நாளுக்குள் அறுத்து மருந்தேற்றாவிட்டால் நீலக் கறை பாய்ந்து, வண்டு விழுந்துவிடும். ஆகவே மருந்தேற்றிச் சூளையில் உலர்த்தித் தரும் ஆலையில் மட்டும் வாங்குங்கள்.

ராமநாதபுரம், விருதுநகர்ப் பக்கத்துக்காரர்களுக்கு இன்னொன்று சொல்வேன்: சீமைக் கருவேலம். எல்லோரும் திட்டுகிற மரம், கரிமூட்டத்துக்குப் போகிற மரம். ஆனால் கடினமானது, காய்ந்த பிறகு அதிகம் சுருங்காது. நீளமான நேர்க்கட்டை கிடைக்காது என்பதுதான் குறை. ஒரு சாண் நீளத் துண்டுகளாக அறுத்துத் தரைக்கும், சின்ன முக்காலிகளுக்கும் பயன்படுத்தலாம். பனை வேண்டுமென்றால் பழைய வீட்டுச் சட்டத்தைத் தேடுங்கள். நிற்கிற பனையை வெட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று அரசு 2021இல் அறிவித்திருக்கிறது, அது நல்லதும்கூட.

"பழைய வீடு இடிச்ச மரம் சல்லிசா வருது, வாங்கிடவா?"

வாங்கலாம். காரைக்குடிப் பக்கம் இதற்கென்றே கடைகள் இருக்கின்றன. நூறு வருஷம் காய்ந்த மரம் இனிமேல் முறுக்கிக்கொள்ளாது. ஆணி இருக்கிறதா என்று காந்தம் வைத்துத் தடவிப் பாருங்கள், தட்டிப் பார்த்துப் பொத்தல் சத்தம் கேட்டால் விட்டுவிடுங்கள்.

ஒரே ஒரு எச்சரிக்கை. பழைய பெயிண்ட் இருந்தால் அதில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். இந்தியாவில் வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பி.பி.எம்.க்கு, அதாவது பத்து லட்சத்தில் 90 பங்குக்கு, மேல் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அந்தப் பெயிண்டைக் காப்பக இடத்தில் வைத்துத் தேய்த்தால் தூள் மண்ணில் விழுந்து, தவழும் பிள்ளையின் கைவழியே வாய்க்குப் போகும். வண்ணம் பூசிய மரம் பிள்ளைகள் கைபடும் இடத்துக்கு வேண்டாம். எண்ணெய் மட்டும் கண்ட மரமாகத் தேர்ந்தெடுங்கள்.

"கரையான் வந்தா என்ன சார் செய்வீங்க?"

வரும் என்று வைத்துக்கொண்டுதான் கட்ட வேண்டும். கரையான் வெளிச்சத்தில் நடக்காது, மண்ணால் பாதை போட்டுக்கொண்டுதான் ஏறும். அந்தப் பாதை நம் கண்ணில் படும்படி கட்டடத்தை அமைத்தால் பாதி வேலை முடிந்தது. தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்துக்குக் கருங்கல் அடிமானம். அதற்கும் மரத்துக்கும் நடுவே துருப்பிடிக்காத தகடு, இரண்டு பக்கமும் இரண்டு அங்குலம் வெளியே நீட்டிக் கீழே மடித்தது. கரையான் அதைச் சுற்றித்தான் போக வேண்டும், போனால் தெரியும். சுவரை ஒட்டிப் பூச்செடி, மணல் குவியல், விறகு எதுவும் கூடாது.

மண்ணில் பூச்சிமருந்து ஊற்றுவதை நான் தவிர்க்கிறேன். பரவலாக ஊற்றப்படும் குளோர்பைரிஃபாஸ் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும் என்பதால் அமெரிக்காவில் வீட்டு உபயோகத்துக்கு அதை 2000களின் தொடக்கத்திலேயே நிறுத்திவிட்டார்கள். பிள்ளைகள் மண்ணில் விளையாடும் இடத்தில் அது எதற்கு?

"மருந்து ஏத்துன மரத்தைக் குழந்தை கடிச்சா?"

கடிக்கும். பல் முளைக்கிற பிள்ளை ஜன்னல் கட்டையைத்தான் முதலில் கடிக்கும். ஆகவே குரோமியம், செம்பு, ஆர்சனிக் மூன்றும் சேர்ந்த பச்சை நிற மருந்து ஏற்றிய மரம் காப்பகத்துக்குள் வரவே கூடாது. உள்ளே, மழை படாத இடத்துக்குப் போரான் மருந்து போதும். தண்ணீரில் கரையும் மருந்து என்பதால் வெளியே பயன்படாது, உள்ளேயும் மேலே ஒரு பூச்சு வேண்டும். வாய் எட்டும் உயரத்தில், சுமார் மூன்றடி வரை, மருந்தே தேவைப்படாத வைர மரத்தைப் போட்டுவிடுவது என் வழக்கம்.

மேல்பூச்சுக்கு ஆளிவிதை எண்ணெய் நன்றாக இருக்கும். துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட விடாதீர்கள், தானாகச் சூடேறிப் பற்றிக்கொள்ளும். தண்ணீரில் ஊற வைத்து அப்புறப்படுத்த வேண்டும். முந்திரிக்கொட்டை எண்ணெய் பூசலாம் என்று எங்கள் ஊர்ப் பெரியவர்கள் சொல்வார்கள். கரையானுக்கு நல்லதுதான், தோலில் பட்டால் கொப்புளிக்கும். அதைக் கை எட்டாத கூரைச் சட்டங்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பிளைவுட் போடுவதாக இருந்தால் பசையிலிருந்து ஃபார்மால்டிஹைடு குறைவாக வரும் ரகத்தை, இ-0 அல்லது இ-1 என்று அச்சிட்டதை, கேட்டு வாங்குங்கள்.

"கும்பகோணம் நடந்த மாநிலம் இது. மரக் கட்டடத்துல பிள்ளைங்களை விடச் சொல்றீங்களா?"

இந்தக் கேள்வியை ஒரு தாய் என்னிடம் கேட்டார். அவரிடம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்துப் பள்ளித் தீயில் 94 பிள்ளைகளின் உயிர் போனது. சமையல் நடந்த இடத்தில் பிடித்த தீ கீற்றுக்கூரைக்குத் தாவியது. பிள்ளைகள் மாடியில் இருந்தார்கள், இறங்கக் குறுகலான படி. கீற்று காகிதம்போல எரியும். ஆறு அங்குலத் தூண் அப்படி எரியாது. வெளிப்புறம் கரியாகும், அந்தக் கரியே உள்ளே சூடு போகாமல் தடுக்கும். தேக்கு மாதிரியான கடின மரத்தில் நிமிடத்துக்கு அரை மில்லிமீட்டர் சொச்சம்தான் கரி இறங்கும். அரை மணி நேரத்தில் இரண்டு சென்டிமீட்டருக்கும் குறைவு. பருத்த மரத்தால் கட்டினால் இந்த நேரம் கிடைக்கும். ஒல்லிச் சட்டமும் மெல்லிய பலகையும் வைத்துக் கட்டினால் கிடைக்காது.

ஆனால் முப்பது பிள்ளைகளைக் காப்பாற்றுவது தூணின் பருமன் என்று நான் சொல்ல மாட்டேன். கதவுதான் காப்பாற்றும். ஒவ்வொரு அறையிலிருந்தும் நேராக முற்றத்துக்கு இறங்க ஒரு கதவு, அது தவிர இன்னொன்று. இரண்டும் வெளிப்பக்கம் திறப்பவை. பூட்டு கிடையாது; பிள்ளை கை எட்டாத உயரத்தில், பெரியவர் ஒரு கையால் தள்ளித் திறக்கிற தாழ்ப்பாள் மட்டும். நடக்கத் தெரியாத பிள்ளைகளின் அறைக்கதவு சக்கரத் தொட்டில் நுழையும் அகலம். நாலைந்து பிள்ளைகளை அதில் தூக்கிப் போட்டுத் தள்ளிக்கொண்டு ஆயா வெளியே வர வேண்டும்.

சமையலறை தனிக் கட்டடம், செங்கல், குறைந்தது இருபதடி தள்ளி. மின்கம்பி மரச்சுவருக்குள் ஒளியக் கூடாது. இரும்புக் குழாயில், வெளியே தெரியும்படி போகட்டும். 30 மில்லி ஆம்பியர் மின்கசிவுக்கே மின்சாரத்தைத் துண்டித்துவிடும் ஆர்.சி.சி.பி. கருவி கட்டாயம். மாதம் ஒருமுறை மணி அடித்துப் பிள்ளைகளை வெளியே கொண்டுவந்து பாருங்கள். எத்தனை நிமிடம் ஆகிறது என்று குறித்து வையுங்கள்.

"மாடி எடுக்கலாமா? இடம் கம்மியா இருக்கே."

கூடாது. காரணம் மேலே இருக்கிறது.

"நம்ம வெயிலுக்கு மரவீடு அடுப்பு மாதிரி ஆகிடாதா?"

சூடு சுவர்வழியே வருவது குறைவு. மரம் கான்கிரீட்டைவிடப் பத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான் வெப்பத்தைக் கடத்தும். சூடு கூரைவழியே வருகிறது. மங்களூர் ஓட்டுக்கு அடியில் சீலிங் ஓடு ஒரு வரிசை, அதற்கும் கீழே ஓரடி இடைவெளி விட்டுப் பலகைத் தட்டு, உச்சியில் சூடான காற்று வெளியேற வழி. இது மூன்றும் இருந்தால் மே மாதத்திலும் பிள்ளைகள் மத்தியானம் தூங்குவார்கள்.

மேற்குச் சுவரை மட்டும் செங்கல்லில் கட்டி, கழிப்பறையையும் சாமான் அறையையும் அந்தப் பக்கம் தள்ளிவிடுங்கள். கிழக்கிலும் தெற்கிலும் ஆறடித் தாழ்வாரம். மழை நாளில் அதுதான் விளையாட்டுத் திடல்.

"சிமெண்டே தொடக்கூடாதுன்னு சொல்றீங்களா?"

இல்லை. தண்ணீர் புழங்கும் இடத்துக்கு மரம் எதிரி. கழிப்பறை, கை கழுவும் இடம், குளிப்பாட்டும் மேடை எல்லாம் செங்கல்லும் சிமெண்டும்தான். அடிமானத்துக்கும் வேண்டும். எங்கே மரம் பொருந்துமோ அங்கே மட்டும் மரம்.

"தரையும் பலகையா?"

தூங்கும் அறைக்கு மட்டும். தவழும் பிள்ளைகளுக்கு நம் ஊரில் காவிச் சிமெண்டுத் தரையைவிட நல்லது கிடையாது. வழவழப்பு, குளிர்ச்சி, ஒரு நாளில் பத்து முறை மூத்திரம் போனாலும் துடைத்துவிடலாம். படத்தில் பார்த்துவிட்டு எல்லா அறைக்கும் மரத்தரை கேட்கிறார்கள். அது குளிர் நாட்டுக்காரர்களுக்கு வேண்டியது, நமக்குக் கால் குளிர்ந்தால் சுகம்.

"தூளி கட்ட ஆயாம்மா இடம் கேக்குறாங்க, குடுக்கலாமா?"

கொடுங்கள். கான்கிரீட் கூரையில் கொக்கி அடிக்க ஆள் தேடி அலையும்போது, மர உத்திரம் இதற்கென்றே பிறந்தது மாதிரி இருக்கும். தூளிக்கென்று ஒரு தனி உத்திரம், ஒவ்வொரு கொக்கியும் நூறு கிலோ தாங்கும் கணக்கில். பிள்ளை பத்து கிலோதான், ஆனால் ஆட்டும்போது இழுவை கூடும், எழும்போது பெரியவர்களும் பிடித்துக்கொண்டு எழுவார்கள். கொக்கி உத்திரத்தை ஊடுருவி மேலே நட்டு போட்டு முறுக்கியதாக இருக்கட்டும், திருகாணி கொக்கி வேண்டாம். தூளிக்கும் தூளிக்கும் நாலடி. எழுந்து உட்காரத் தெரிந்த பிள்ளையைத் தூளியில் போட்டுவிட்டு ஆள் நகரக் கூடாது.

ஒரு காப்பகத்தில் ஐந்து புடவைத் தூளிகள் ஒரே உத்திரத்தில் தொங்குவதைப் பார்த்தேன். புடவை உரசும் இடத்தில் தச்சர் மரத்தின் விளிம்பை உருட்டி, கண்ணாடிபோல இழைத்து வைத்திருந்தார். நான் வரைபடத்தில் அதைப் போடவில்லை. இப்போது எல்லா வரைபடத்திலும் போடுகிறேன்.

"சிராய் குத்தாதா?"

இழைத்து முடித்த பிறகு பழைய பனியன் துணியை எடுத்து, பிள்ளைகள் கை எட்டும் எல்லா மரத்திலும் நார் போகும் திசைக்கு எதிராக ஒரு முறை தடவுங்கள். நூல் எங்கே மாட்டுகிறதோ அங்கே சிராய் இருக்கிறது. சுண்ணாம்புக்கட்டியால் வட்டம் போட்டுத் தச்சரிடம் காட்டுங்கள். எல்லா விளிம்பும் உருண்டையாக இருக்க வேண்டும். கைப்பிடிக் கம்பிகளின் இடைவெளி பத்து சென்டிமீட்டருக்குள் இருக்கட்டும், அதைவிட அகன்றால் தலை மாட்டும். கதவின் கீல் பக்கத்துச் சந்துக்குத் துணிப்பட்டையோ ரப்பர் பட்டையோ அடித்துவிடுங்கள், விரல் நசுங்குவது அங்கேதான்.

"ஐப்பசி மழைக்குக் கதவு இறுகிக்குது, ஆசாரி ஏமாத்திட்டாரா?"

பெரும்பாலும் அவர் பிழை இல்லை, காயாத மரத்தின் பிழை. மரம் ஈரக் காற்றில் அகலவாக்கில் உப்பும், பங்குனி வெயிலில் சுருங்கும், நீளவாக்கில் ஏறக்குறைய அசையாது. வாங்கும்போது ஈரமானியை வைத்துப் பாருங்கள். 12 சதவீதத்தை ஒட்டி இருந்தால் நல்லது, கடலோரத்தில் கொஞ்சம் கூடுதலாக இருக்கலாம். பலகை நாலு அங்குல அகலத்துக்குமேல் வேண்டாம்.

"முப்பது பிள்ளைங்க கத்துனா மரக் கட்டடம் அதிருமே?"

உண்மைதான், தகரக்கூரை போட்டால் மழைச் சத்தமும் சேர்ந்துகொள்ளும். ஓடு போடுங்கள். கூரைத் தட்டில் கால்வாசிக்காவது மரநாரையும் சிமெண்டையும் சேர்த்து அழுத்திய பலகையை வையுங்கள். அது சத்தத்தை உறிஞ்சும், எளிதில் தீயும் பிடிக்காது.

"எங்க ஊரு வேதாரண்யம் பக்கம். கஜா மாதிரி இன்னொண்ணு வந்தா?"

2018 கஜா புயலில் ஓடுகள் பறந்ததை நீங்களே பார்த்திருப்பீர்கள். மரக் கட்டடம் கனம் குறைந்தது, அதனால் காற்று அதை அமுக்குவதைவிடத் தூக்கத்தான் பார்க்கும். கைமரம் உத்திரத்தோடும், உத்திரம் தூணோடும், தூண் அடிமானத்தோடும் இரும்புப் பட்டையால் சங்கிலிபோல இணைந்திருக்க வேண்டும். ஆணி மட்டும் போதாது. தாழ்வாரக் கூரையைத் தனியாகக் கட்டுங்கள். அது பிய்ந்து போனாலும் பிள்ளைகள் இருக்கும் அறையின் கூரை நிற்கும். உப்புக் காற்றுக்குத் துருப்பிடிக்காத எஃகு. சாதா இரும்பு ஆணி தேக்கில் கறுப்புக் கறையும் போடும்.

"லைசென்ஸ் குடுப்பாங்களா?"

கட்டட உறுதிச் சான்று, தீயணைப்புத் துறைச் சான்று, சுகாதாரச் சான்று எல்லாம் எந்தக் காப்பகத்துக்கும் கேட்பவைதான். மரம் என்றதும் அலுவலர் தயங்கினால், 2016 தேசியக் கட்டட விதித்தொகுப்பில் மரத்துக்கும் மூங்கிலுக்கும் தனிப் பிரிவே இருக்கிறது, ஐ.எஸ். 883 மர வடிவமைப்புக்கான இந்தியத் தரம் என்று எடுத்துக் காட்டுங்கள். மத்தியப் பொதுப்பணித் துறை 1993 முதல் தன் கட்டடங்களில் மரத்துக்கு விதித்திருந்த தடையை 2020இல் நீக்கிவிட்டது. பூமி பூஜைக்கு முன்பே தீயணைப்பு நிலைய அலுவலரிடம் வரைபடத்தோடு போய்ப் பேசுங்கள். அவர் சொல்லும் ஒரு கதவு மாற்றம் அப்போது பென்சில் கோடு, பிறகு இடிப்பு.

"செலவு கூடும்ல?"

தேக்கிலேயே எல்லாம் கட்டினால் கூடும். மேலே சொன்ன மாதிரி மரத்தைக் கலந்து போட்டால் வித்தியாசம் குறையும். உருட்டுக் கட்டையாக வாங்குகிறவர்கள் ஒன்றை மறக்கிறார்கள்: அறுத்தபின் பாதிக்குச் சற்று மேல்தான் பலகையாகத் தேறும். எட்டடி, பத்தடி என்று கடையில் கிடைக்கும் நீளத்துக்கே அறையின் அளவை வைத்தால் துண்டு வீணாகாது. பணம் போதவில்லையென்றால் அறையைச் சின்னதாக்குங்கள். தாழ்வாரத்தையும் இறவாணத்தையும் மட்டும் குறைக்காதீர்கள்.

"கட்டி முடிச்சப்புறம் யார் பாத்துக்குவா?"

ஆயாவும் ஆசிரியையும்தான். அதற்கு ஏற்ற மாதிரி எளிதாக வைத்துக்கொடுங்கள். மாதத்தில் ஒரு நாள், டார்ச் லைட்டோடு அடிமானத்தை ஒரு சுற்று, கரையான் பாதை இருக்கிறதா என்று. மழைக்கு முன்னும் பின்னும் உடைந்த ஓடு மாற்றுவது, கூரைத் தண்ணீர் ஓடும் பீலியில் அடைத்த சருகை எடுப்பது. வருஷத்துக்கு ஒரு முறை வெளிமரத்துக்கு எண்ணெய். தூளிக் கொக்கியின் நட்டு வாரா வாரம்.

சாவி மாட்டும் இடத்தில் ஒரு நோட்டும் பேனாவும் நூலில் கட்டித் தொங்கவிடச் சொல்வேன். ஒரு காப்பகத்து நோட்டில் ஆயா எழுதியிருந்தது: "வடக்கு மூலை, ரெண்டாவது கல், மண்ணு பாதை. தட்டிவிட்டேன். நாளைக்கும் பாக்கணும்."